பிணத்துக்கு மூன்று மூச்சு

படுத்தாயிற்று. இனி இருபத்திரண்டு நிமிஷம் அருளப்பன் செத்துக் கிடக்க வேண்டும். திரையில் ஒரு ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார், கழுத்து வரை வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய். அவருக்கு நேர் கீழே, திரையை ஒட்டிப் போட்ட மரமேடையில், அதே வெள்ளைத் துணியும் அதே ஒற்றை ரூபாயுமாக அருளப்பன். மேலே நடப்பதெல்லாம் கீழேயும் நடக்கும், மேலே பேசுவதற்கெல்லாம் கீழே வாயசைப்பார்கள், இதுதான் மாளிகை செட் என்கிற இந்த ரசிகர் குழுவின் வேலை, நாற்பது வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில், திருச்சி பாலக்கரைப் பக்கம் இந்த மங்கள விலாஸ் டாக்கீஸில். படத்தின் பெயர் 'பாதரச மாளிகை'. வெளிவந்த வாரமே பெட்டிக்குள் போன படம். பாதரசத்தைக் காய்ச்சிச் சாகாவரம் தேடும் ஒரு டாக்டர், அவன் கொன்ற ஜமீன்தார், அண்ணன் சாவுக்குப் பழிவாங்க வரும் தங்கை மாதங்கி, அவ்வளவுதான் கதை, அதுவும் எடுத்தவர்களுக்கே சரியாகத் தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். பிணத்தை நடுக்கூடத்தில் கிடத்திவிட்டு உயில் சண்டை, ஒரு பாட்டு, ஒரு கத்திச் சண்டை, போதாததற்கு வேலைக்காரன் காமெடி வேறு. பிணமாகப் படுத்த ஆள் எத்தனை நேரம்தான் தாங்குவான், மூன்று இடத்தில் அவன் வயிறு ஏறி இறங்குவது பளிச்சென்று தெரிகிறது, டைரக்டர் அப்படியே விட்டுவிட்டார். அந்த மூன்று மூச்சைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. மேலே அவன் மூச்சு விடும் அதே நொடியில் கீழே இருக்கிற பிணமும் வயிற்றை ஏற்றி இறக்க வேண்டும், கண்ணை மூடியபடி, வசனத்தை மட்டும் காதில் வாங்கி. அரங்கமே எண்ணும். ஒன்பது வருஷமாக அருளப்பனுக்கு இதுதான் வேஷம். அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் அவர் மாதங்கி.

பலகை முதுகில் குத்தியது. முதல் மூச்சுக்கு இன்னும் நாலு நிமிஷம், வக்கீல் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு "உயில் எங்கே?" என்பான், அங்கேதான். அதுவரை யோசிக்காமல் கிடந்தால் போதும். யோசிக்காமல் கிடப்பது பிணத்தால் முடியும், அருளப்பனால் முடியாது. வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது. நாற்பதாம் ஆண்டு விழா. நடுவில் டாக்டர் கோட்டில் குலசேகரன், ஆறடி உயரத்துக்கு. பக்கத்தில் மாதங்கியாகப் பிரதீபா. கீழே ஓரமாக எட்டுச் சின்னப் படங்கள், அதில் அஞ்சாவது அருளப்பன், கழுத்து வரை துணி, கண் மூடி, பிணமாக. கேட்டால், "வேற போட்டோ கெடைக்கலண்ணே, அவசரத்துல அதையே போட்டுட்டோம்" என்கிறார்கள். பார்க்கிறவன் இறந்துபோன ஆளுக்கு அஞ்சலி என்றுதான் நினைப்பான். முப்பத்தொரு வருஷம் சேலை கட்டி நின்றவனுக்கு ஒரு போட்டோ கிடைக்கவில்லை. அதுகூடப் போகட்டும். இன்று இடைவேளையில் அஸ்மா டீச்சர் வாசிக்கப்போகிறாள். மகளிர் கல்லூரியில் தமிழ் நடத்துகிற பெண், இரண்டு வருஷமாக அலைந்து செட்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியிருக்கிறாள், முதல் அத்தியாயத்தை இங்கேயே, இந்த ஜனத்துக்கு முன்னாலேயே வாசித்துவிட்டுத்தான் வெளியிடுவாளாம். அதில் ஒரே ஒரு வரி வேண்டும் அருளப்பனுக்கு. திரைக்கு முன்னால் முதன்முதலில் ஏறியவர் அருளப்பன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். போகிற இடமெல்லாம் குலசேகரன் நான்தான் முதலில் ஏறினேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், யூடியூப்காரன் கேட்டாலும் அதையே சொல்கிறான், டி.வி.க்காரன் கேட்டாலும் அதையே சொல்கிறான். கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்த பயல். நாலாவது மாசம் வந்து சேர்ந்தவன். வெள்ளைக் கோட்டு இருக்கிறது, எனக்கு டாக்டர் வேஷம் தருவீர்களா என்று கெஞ்சிக்கொண்டு நின்றவன். அவனுக்கு முன்னால் ஏறியது யார் என்றால், யார் என்றால், அருளப்பன்தான். வேறு யார். குலசேகரனுக்கு முன்னால் ஏறியது அருளப்பன் என்பதில் சந்தேகமே கிடையாது.

"உயில் எங்கே?" வயிறு தானாக ஏறி இறங்கியது. "ஒண்ணு!" என்று அரங்கம் அலறியது, விசில், கைதட்டல், யாரோ முன்வரிசையிலிருந்து பொரியை வாரி இறைத்தார்கள், அதுவும் ஒரு வழக்கம். பொரி காதுக்குள் ஒன்று, மீசையில் ஒன்று. துடைக்க முடியாது. இந்த ஜனத்துக்கு அருளப்பனைத் தெரியுமா? தெரியாது. பிணத்தைத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கேயோ, இவர்கள் எல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள், வசனம் முழுதும் மனப்பாடம், படத்தைக் கேலி பண்ணுகிறோமா கும்பிடுகிறோமா என்று அவர்களுக்கே தெரியாது. அஸ்மா டீச்சரும் அவர்களில் ஒருத்தியாகத்தான் முதலில் வந்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஒரு டப்பா மைசூர்பாகும் கையில் போனுமாக. போனைப் பதிவில் போட்டு டீப்பாய் மேல் வைத்தாள். அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் டாக்டர் கிட்டயே கேட்டுக்கங்கம்மா, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார். பிகு பண்ணிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தரம் கெஞ்சுவாள், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தார். அவள் கெஞ்சவில்லை. நேராகக் கேட்டாள்: "அவர்ட்ட கேட்டுட்டேன் சார். அவர் தான்தான் முதல்ல ஏறினேன்னு சொல்றார். நீங்க சொல்லுங்க, முதல்ல ஏறினது யாரு?" ஒரு வார்த்தை. நான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அருளப்பன் ஃபேனைப் பார்த்தார், காலண்டரில் மாதாவைப் பார்த்தார், மைசூர்பாகு டப்பாவைப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார். நாற்பது வருஷமாக ரயில்வே பட்டறையிலும் டீக்கடையிலும் கோயில் திருவிழாவிலும் நான் நான் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், எழுதி வைக்க ஒருத்தி வந்து உட்கார்ந்த அன்றைக்கு ஞாபகம் இல்லை என்றார். அதோடு விட்டாரா? "தியேட்டர்ல அப்ப வேல பாத்தவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று அவள் எழுந்திருக்கும்போது கேட்க, எந்தச் சனி வாயில் உட்கார்ந்ததோ, "பொம்பளைங்க வாசல்ல டிக்கெட் கிழிச்ச ஒரு பொண்ணு இருந்துச்சு, பிலோமினான்னு பேரு, மணப்பாறைப் பக்கம் கட்டிக் குடுத்ததாக் கேள்வி" என்று சொல்லிவிட்டார். அவள் அதைக் கையிலேயே குறித்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மணப்பாறை என்ன, லண்டனா? ஒரு பஸ் ஏறினால் போச்சு. சர்ச்சில் விசாரித்தால் யாராவது கை காட்டிவிடுவார்கள். கண்டுபிடித்திருப்பாளா? கண்டுபிடித்திருந்தால் அந்தப் பெண் என்ன சொல்லியிருக்கும்? அந்தப் பெண் என்ன, இப்போது அறுபதைத் தொட்டிருக்கும். பேரன் பேத்தி எடுத்திருக்கும். உயிரோடு இருக்கிறதோ இல்லையோ. சீ, அப்படி ஏன் நினைப்பு போகிறது. உயிரோடு இருக்கட்டும், ஆனால் மறந்து போயிருக்கட்டும்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிணத்தைச் சுற்றி ஒரு பாட்டு, மாதங்கி அழுதுகொண்டே ஆடுவாள், இப்போது பிரதீபாவின் சலங்கை அருளப்பன் தலைமாட்டில் வலமாகப் போகிறது. எண்பத்து மூன்றாம் வருஷம், வைகாசி என்று ஞாபகம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் செட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. வேறு படம் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் இந்தப் படத்தைத்தான் ஓட்டுவார், ரயில்வே பட்டறை ஆட்கள் வந்து உட்கார்ந்து வசனத்தை முன்கூட்டியே கத்துவார்கள், பொழுது போகும். அன்றைக்கு ஜமீன்தார் செத்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது, வாயசைகிறது, சத்தம் இல்லை. சீட்டைக் கிழிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அருளப்பன் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் ஏறி, இப்படித்தான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறார், ஏறி, மாதங்கி வசனத்தைப் பேச, ஜனம் அப்படியே அடங்கியது. நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லிச் சொல்லி நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் இப்படி மல்லாந்து கிடந்து கண்ணை மூடினால் வேறு ஒன்று தெரிகிறது. சத்தம் நின்றது. கூச்சல். பக்கவாசல் திரையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண், பத்தொன்பது வயசு, மஞ்சள் தாவணி, கையில் கிழித்த டிக்கெட் துண்டுகள் கொத்தாக. வாரா வாரம் வாசலில் நின்றே படம் பார்த்தவள், ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். அங்கிருந்தே ஆரம்பித்தாள். "அண்ணா, இந்த மாளிகைச் சுவரில் என் முகம் ஆயிரம் தெரிகிறது, அதில் அழாத முகம் ஒன்றுகூட இல்லை." படத்தில் பேசுகிறவளின் குரல் கீச்சென்று இருக்கும். இவளுக்கு அடித்தொண்டை. பேசிக்கொண்டே நடந்து வந்தாள். மேடைகூடக் கிடையாது அப்போது, சிமெண்ட் திட்டு, அதில் ஏறினாள். திரை வெளிச்சம் அவள் மேல் விழுந்தது, மாதங்கி முகம் அவள் தாவணியில் அசைந்தது. கூச்சல் போட்டவர்கள் உட்கார்ந்தார்கள். அவள் முன்வரிசையைப் பார்த்தாள். பொணம் இல்லாமல் எப்படி அழுவது? விரலை நீட்டி, "ஏய், நீ வா. வந்து படு" என்றாள். அருளப்பன் போய்ப் படுத்தார். அவள் காலடியில். அன்றைக்கும் பிணம்.

"இந்த உயிலில் இருப்பது என் அண்ணன் கையெழுத்தே அல்ல!" பிரதீபா உதடு அசைக்கிறாள், பக்கவாட்டுத் தூணுக்குப் பின்னாலிருந்து குலசேகரன் வெளியே வருவது மேடைப்பலகை அதிர்வதில் தெரிகிறது, முழங்கால் வலி, ஒரு காலை இழுத்து வைப்பான். இரண்டாவது மூச்சு இங்கேதான், டாக்டர் சிரித்து முடித்ததும். வயிறு ஏறி இறங்கியது. "ரெண்டு!" கொஞ்சம் முந்திவிட்டதோ? யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆமாம், படுத்தேன், அதனால் என்ன, குலசேகரனுக்கு முன்னால்தானே படுத்தேன். முதல் இல்லை என்றால் இரண்டாவது. உலகத்தில் எத்தனையோ பேர் இரண்டாவதாக வந்து முதல் என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். ஜனம் கேட்டது என்று அடுத்த மாசமும் அவள்தான் மாதங்கி, அதற்கடுத்த மாசமும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தெரு வரை நின்றது. முந்தானையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாள், படத்தில் இல்லாத விஷயம் அது, அவளே வைத்துக்கொண்டது. பின்னால் முப்பத்தொரு வருஷம் அருளப்பன் முந்தானையைச் சுற்றும்போதெல்லாம் விசில் பறந்ததே, அது யாருடையது? கீழே கிடந்தபடி அரைக்கண் திறந்து பார்த்துப் பார்த்துக் கற்றது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்கு இத்தனை கைதட்டலா, நமக்கு வசனம் தெரியாதா, நமக்குக் குரல் இல்லையா, ஸ்கூல் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடித்து பிஷப் கையால் பரிசு வாங்கியவன் பிணமாகக் கிடப்பதா? இப்படி நினைத்ததாக அப்போது அவர் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. நல்லெண்ணம் என்றுதான் நினைத்தார். மேனேஜர் சம்பந்தம் பிள்ளை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய் நின்றார். "சார், அந்தப் பொண்ண நிறுத்திருங்க. பசங்க பேச்சு சரியில்ல. பட்டறைல கண்டபடி பேசுறானுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தியேட்டருக்குத்தானே கெட்ட பேரு." பட்டறையில் ஒருத்தனும் கண்டபடி பேசவில்லை. பிலோமினாக்கா என்றுதான் சொன்னார்கள், அவளைவிட மூத்த பயல்கள்கூட. சம்பந்தம் பிள்ளை வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு, "அப்ப மாதங்கி யாரு போடுறது?" என்றார். "நான் போடுறேன் சார்." கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. சம்பந்தம் பிள்ளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நாற்பது வருஷமாகத் துடைக்கிறார் அருளப்பன், போகவில்லை.

அவளை மேடையிலிருந்து மட்டும் நிறுத்துவார்கள் என்று நினைத்தார், வாசலிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். பேச்சு என்று ஒன்று கிளம்பிவிட்டால் அது இல்லாத பேச்சாக இருந்தாலும் வளரத்தான் செய்யும், அவள் அண்ணன் காதுக்குப் போயிற்று, நடுத்தெருவில் வைத்து அடித்தான் என்று சொன்னார்கள், பேசி முடித்திருந்த இடம் கைவிட்டுப் போயிற்று என்று சொன்னார்கள், பிறகு மணப்பாறை பக்கம் இரண்டாந்தாரமாக என்று சொன்னார்கள். சொன்னார்கள், சொன்னார்கள், அருளப்பன் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அந்தத் தெருவில் போகாமல் இருந்தால் போதுமே, போகவில்லை. சேலை கட்டினார், சவுரி வைத்தார், முந்தானையைச் சுற்றினார், கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலில் ஒரு குறையும் இல்லை, அது நிஜமான கைதட்டல். சாப்பிட்டது எப்படி வந்தது என்று வயிறு கேட்கிறதா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குலசேகரன் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனான். "அருளு, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வயசாகுது. சேலை தடுக்கி விழுந்து இடுப்பு கிடுப்பு போச்சுன்னா யாரு பாக்குறது? இந்தக் காலத்துப் பிள்ளைங்க வேற மாதிரி சிரிக்கிறானுங்கப்பா, ஒன்னப் பாத்து. செட்டுக்குத்தானே கெட்ட பேரு." அருளப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டார். எங்கேயோ கேட்ட வசனமாக இருந்தது, எங்கே என்று அப்போது உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது உறைத்தது. குலசேகரனை எத்தனை திட்டினாலும் அந்த ஒரு இடத்தில் வந்து தடுக்கும். பாவி, என் வாயிலிருந்தே எடுத்துப் பேசினாயே. இந்தப் பிரதீபாவைக்கூட வெறுக்க முடியவில்லை, நல்ல பெண், பாங்கில் வேலை, அங்கிள் அங்கிள் என்று உயிரை விடும், ஆட்டமும் நன்றாகத்தான் ஆடுகிறது. முந்தானையை மணிக்கட்டில் சுற்றக் கற்றுக் கொடுத்ததே அருளப்பன்தான். யாரிடம் கற்றீர்கள் அங்கிள் என்று அது கேட்டபோது, நானே வைத்துக்கொண்டது என்றார்.

கத்திச் சண்டை முடிந்து என்ன வசனம், என்ன வந்தது? பொரி காதுக்குள் நமநமத்தது. ஒரு எறும்பு கணுக்காலில் ஏறி யோசித்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் சொல்லியிருந்தால்? நான்தான் ஏறினேன், என்னை வாசலைவிட்டு விரட்டியவன் அருளப்பன் என்று சொல்லி, அதை அஸ்மா எழுதி, இன்னும் பத்து நிமிஷத்தில் மைக்கில் வாசித்தால்? இத்தனை பேருக்கு முன்னால் பொரி ஒட்டிய மீசையோடு நிற்க வேண்டும். குலசேகரன் என்ன சிரிப்புச் சிரிப்பான். வாசித்தால் வாசிக்கட்டும், ஒரு விதத்தில் நல்லதுதான், இறக்கி வைத்தது போல இருக்கும். இல்லை, நல்லது இல்லை, என்ன நல்லது, அறுபத்து நாலு வயசில் அவமானப்பட்டு எந்த முகத்தோடு பூசைக்குப் போவது. பிலோமினாவே வந்து உட்கார்ந்திருந்தால்? காலையில் மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு கிழவி. அது வேறு யாரோ. கழுத்தில் சிலுவை இருந்ததா? திடீரென்று அரங்கம் அமைதியாக இருப்பது தெரிந்தது. இருக்கக்கூடாத அமைதி. தலைமாட்டில் பிரதீபா உதடு பிரிக்காமல், "அங்கிள், மூச்சு" என்றாள். மூன்றாவது மூச்சு போய்விட்டது. மேலே அவன் விட்டு முடித்துவிட்டான், கீழே பிணம் பிணமாகவே கிடந்திருக்கிறது. "அங்கிள்!" அவள் குரலில் பயம் வந்துவிட்டது. அருளப்பன் வயிற்றை ஏற்றி இறக்கினார், ஒன்றுக்கு இரண்டாக. ஒரு விநாடி கழித்து எங்கிருந்தோ ஒருத்தன், "யோவ், பெருசு நெசமாவே போயிட்டாருன்னு நெனச்சுட்டோம்யா!" என்று கத்த, அரங்கம் கொல்லென்று சிரித்தது. "மூணு!" "நாலு!" நாற்பது வருஷத்தில் இந்தப் பிசகு யாருக்கும் நேர்ந்ததில்லை. குலசேகரன் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது போலிருந்தது.

விளக்கு போட்டார்கள். இடைவேளை. செட்டு முழுக்கத் திரைக்கு முன்னால் வரிசையாக நின்றது, அருளப்பன் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக. அஸ்மா மைக்கைப் பிடித்தாள். படம் வெளிவந்தது, பெட்டிக்குள் போனது, பட்டறை ஆட்கள் வந்தது, எல்லாம் வாசித்தாள், அருளப்பனுக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. "முதலில் ஏறியது யார் என்பதில்தான் எனக்குக் குழப்பம் இருந்தது" என்றாள். குலசேகரன் நெஞ்சை நிமிர்த்தினான். "இங்கே அன்று வேலை பார்த்த ஒரு அம்மாவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குரலை மட்டும் போட அனுமதித்தார். அவர் சொல்வதையே கேளுங்கள்." போனை மைக்கில் வைத்தாள். குக்கர் விசில் ஒன்று, எங்கோ குழந்தை அழுகை, அப்புறம் அந்த அடித்தொண்டை. வயசாகியிருந்தது, ஆனால் அதுதான். "நானா? ஐயையோ, நான் எங்கம்மா ஏறுனேன்? நான் வாசல்ல டிக்கெட் கிழிச்சவ. மேல ஏறுனது அருளப்பன்னு ஒருத்தரு. அவருதான் மொத. பயமே இல்லாம ஏறி வசனம் பேசுனாரு, நாங்கள்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தோம். அதையே எழுதிக்கங்க. என் பேரு எதுலயும் வரவேணாம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் தியேட்டர்ல வேல பாத்ததே இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது." அஸ்மாவின் குரல் ஏதோ கேட்கப்போக, அவளே முந்திக்கொண்டாள். "அவரு இருக்காரா? இன்னும் நடிக்கிறாரா?" "நடிக்கிறார்ம்மா. இப்ப பொணமா வர்றாரு." குக்கர் இரைந்தது. அப்புறம் சின்னதாக ஒரு சிரிப்பு. "பொணமாவா? அது அவரு மொதல்லேருந்தே நல்லாப் பண்ணுவாரும்மா."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. குலசேகரன் முகம் தொங்கிவிட்டது, இருந்தாலும் விழாவாயிற்றே, வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லவே இல்லையே அங்கிள்!" என்றாள். அஸ்மா சிரித்த முகமாக மைக்கை எடுத்து வந்து அருளப்பன் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீங்க அன்னைக்கு ஞாபகம் இல்லன்னு அடக்கமாச் சொல்லிட்டீங்க சார். இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. அந்த அம்மா சொன்னது சரிதானே?" இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அவள் ஒளித்து வைத்தது மணப்பாறை வரைக்கும் தெரிந்துவிடும், அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல காரணம், வாய்க்கு வாகாக வந்து உட்கார்ந்த காரணம். சம்பந்தம் பிள்ளையிடம் போய் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் ஒரு நல்ல காரணம் வந்து உட்கார்ந்தது. அது தெரிந்தது அருளப்பனுக்கு. நன்றாகவே தெரிந்தது. மைக்குக்கு அருகே கொஞ்சம் குனிந்தார்.

"சரிதாம்மா" என்றார். "நாந்தான் மொதல்ல ஏறுனேன்."

கைதட்டல் எழுந்தது. முப்பத்தொரு வருஷத்தில் கேட்ட எந்தக் கைதட்டலையும்விடப் பெரிதாக இருந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அருளப்பன் இரண்டு கையையும் கூப்பி, அது ஓயும் வரை அப்படியே நின்றார்.